இன்னும் சின்னதாக ஒன்று

தந்தியைப் பிரிப்பதற்கு முன்பே லயத்து வரிசை வீடுகளில் ஒப்பாரி கிளம்பிவிட்டது. டயகமத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் தந்தி வந்தால் அது சாவுதான். வேறு எதற்கும் யாரும் இங்கே தந்தி அடித்ததில்லை.

யாருக்கு என்று அவ்வழியே வந்த தந்திக்காரன் சொல்வதற்குள் கந்தப்பன் அதைப் பிடுங்கிக்கொண்டான். மூத்த மகள் மீனம்மாவைக் கொழும்பில் ஒரு பங்களா வேலைக்கு அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள் என்று அவனுக்கும் பெண்சாதி ராக்காயிக்கும் வேலையிலிருந்து பேர் வெட்டி, அரிசியையும் நிறுத்திய பிறகு வேறு வழி தெரியவில்லை.

லயத்துக்குத் துணி விற்க வந்திருந்த ஹலீமுக்குக் கொஞ்சம் இங்கிலீசு வரும். எழுத்துக் கூட்டிப் படித்தவரின் முகம் சுருங்கியது.

"என்னா நானா போட்டிருக்கு? சொல்லுங்க!"

"'அனுப்புனது செத்துப்போச்சி. இன்னும் சின்னதா ஒண்ணு ஒடனே அனுப்பு.' இதில இவ்வளவுதான் ஈக்கிது, கந்தப்பன்."

கந்தப்பன் வாசல் நிலையில் தலையை மோதினான். "அடப் பாவிகளா! எம்புள்ள செத்ததுக்கு ஒரு வார்த்த வருத்தமில்ல. கடையில சாமான் மாத்துற மாதிரில்ல கேக்குறான்! வெட்டாம விடமாட்டேன்டா அவன!" தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தேடி ஓடியவனை இரண்டு பேர் கட்டிப்பிடித்தார்கள்.

ராக்காயி அழவில்லை. உள்ளே போய்ச் சின்னவளுக்கு முகம் கழுவிவிட்டு, சிக்கெடுத்துத் தலை பின்னத் தொடங்கினாள்.

"பெத்தவளுக்குப் புத்தி பேதலிச்சிருச்சு," என்றாள் பக்கத்துக் காம்பராக் காளியாயி. "வாய்விட்டு அழுதுருடி, ராக்கு."

அப்போதுதான் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "தொரைக்கு வந்த தந்திய எவன்டா வாங்குனது?"

வாங்கிப் படித்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "அட மடப்பயலுகளா! ஏழாம் நம்பர் மலையில தேயிலையத் திங்குதே புழு, அதுல ஒண்ண டின்னுல போட்டு தொரை ஆராய்ச்சிக்கு அனுப்புனாரு. அது போற வழியில செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கான்."

"அப்ப... எம்புள்ள?"

"அவளுக்கென்னடா? மூணு வேளையும் சோத்தத் தின்னுக்கிட்டு நல்லா இருக்கா."

கந்தப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான், அழுதான், மறுபடியும் சிரித்தான். "ஒரு புழுவுக்காடி இம்புட்டு நேரம் மாரடிச்சோம்?" என்று காளியாயி மூக்கைச் சிந்தினாள். லயமே சிரித்தது.

உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராக்காயி வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் துணி மூட்டை. மறு கையைப் பிடித்தபடி, தலை பின்னி, துவைத்த சட்டை போட்டுச் சின்னவள்.

மூட்டையைக் கீழே வைக்காமல் கண்டாக்கையாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப இவ போக வேணாங்களா?"