பந்தி எழும்வரை

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

இனித் தொட்டால் தோல்வி. அதுதான் விதி.

மணமேடையில் மாப்பிள்ளை இல்லை. பெண்ணும் இல்லை. இரண்டு கம்ப்யூட்டர்கள் மட்டும் எதிரெதிரே, மாலை மாற்றிக்கொள்ளப் போகிறவை மாதிரி. ஆடி மாதத்தில் திருப்பூரில் எந்தக் கல்யாண மண்டபமும் சும்மாதான் கிடக்கும். கிராபிக்ஸ் கார்டுப் போட்டிக்கு அதைவிட்டால் வேறு மாதம் ஏது?

கம்ப்யூட்டருக்குள் படம் வரைகிற அந்தக் கார்டை, செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்ட வேண்டும். கனமான படம் ஒன்றைத் திரையில் சுழலவிடுவார்கள். அது ஹேங் ஆகக் கூடாது. தாங்கி நிற்பவற்றில் எது வேகமோ அதற்கு மாலை.

எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்?

முதல் வருடம் கடிகாரம் வைத்தார்கள். யார் கடிகாரம் சரி என்று அடிதடி. சமையல்காரர் கரண்டியோடு வந்து தீர்த்துவைத்தார். இலை போட்டதிலிருந்து முதல் பந்தி எழும்வரை. அன்றிலிருந்து அதுவே சட்டம்.

மூன்று வருடமாக மாலை அவனுக்குத்தான். பைக்கை விற்று வாங்கிய கார்டு. போன ஆடியில் அதன் சூட்டில் மேடைக் குத்துவிளக்கு தானாகப் பற்றிக்கொண்டதாக ஊரில் சொல்வார்கள்.

அது பொய். திரி மட்டும்தான் கருகியது.

நாலாவது மாலைக்கு வீட்டுச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டு வந்திருந்தான்.

இறுதிச் சுற்றில் எதிரே மோகனப்பிரியா. பனியன் கம்பெனியில் டிசைன் போடுகிறவள். போட்டிக்குப் புதிது.

காலையிலிருந்து அவன் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கக் கூடாது என்றுதான் வந்தான்.

அவன் கார்டின் வேகத்தையும் மெமரியின் வேகத்தையும் ஒரே மூச்சில் ஏற்றுவான். வோல்ட்டேஜையும் கூடவே ஏற்றுவான். ஹேங் ஆனால் எல்லாவற்றையும் இறக்குவான். எதனால் ஆனது என்று அவனுக்கும் தெரியாது, கார்டுக்கும் தெரியாது.

அவள் முதலில் சின்னப் பிரஷ்ஷால் விசிறித் தூசியைத் தட்டினாள். பிறகு கார்டின் வேகம் மட்டும், ஒரு சிட்டிகை. சோதனை. இன்னொரு சிட்டிகை. சோதனை. கார்டு திணறுகிறது என்று திரையில் வெள்ளைப் புள்ளி ஒன்று மின்னியதும் நிறுத்தி, இரண்டு படி கீழே வந்தாள். அதன் பிறகுதான் மெமரியைத் தொட்டாள். அதற்கும் அதே மரியாதை. வோல்ட்டேஜைக் கூட்டவே இல்லை. கொஞ்சம் குறைத்தாள், பால் பொங்கும் முன்பே அடுப்பைத் தணிப்பவள் போல.

பக்கத்தில் நின்ற அவன் கூட்டாளி சதீஷ் காதைக் கடித்தான்.

"ஏத்தச் சொன்னா எறக்கீட்டிருக்கறா பாரு! மாலைய இப்பவே வாங்கிப் போட்டுக்கடா."

அவன் சிரிக்கவில்லை.

இலை விழுந்தது. படம் சுழலத் தொடங்கியது.

அவன் வேகம் மேலே. அவள் வேகம் கீழே. எல்லோரும் பார்த்தார்கள்.

அவன் விசிறி, மலையேறும் பஸ்ஸாக இரைந்தது. அவளுடையது, நல்ல தையல்காரரின் மெஷின்.

கவலை இல்லை. பந்தியில் உட்காருகிறவர்கள் எல்லாம் கேம் ஆடுகிற பையன்கள். ஒரு கையில் போன், மறு கையில் சோறு. பாயசத்தை நின்றுகொண்டே குடிக்கிறவர்கள். அந்தக் கணக்குக்குத்தான் அவன் வேகம் வைத்திருந்தான்.

சாம்பார் போனது. ரசம் போனது. பையன்கள் இலையை மூடக் கை வைத்தார்கள்.

மூடவில்லை.

அவன் எட்டிப் பார்த்தான்.

வரிசையின் கடைசியில் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு கவளத்தையும் விசாரித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். பந்தியில் மூத்தவர் இலையை மூடாமல் இளையவர்கள் எழுவது அந்த ஊரில் வழக்கமில்லை.

பரிமாறுகிறவர் மோர் வாளியோடு வந்து குனிந்தார்.

"மோரு கெடக்குது கண்ணு. மறுக்கா அந்த ரசத்தக் கொண்டாங்க."

ரசம் வந்தது. அதில் ஒரு முருங்கைக்காயைத் தோய்த்தார். அதையும் அவர் அவசரப்படுத்தவில்லை.

அவன் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி.

இன்னொன்று.

பிறகு மார்கழி வாசல் மாதிரி திரை முழுக்க.

கை கீபோர்டை நோக்கிப் போனது. ஒரே ஒரு படி இறக்கினால் போதும்.

தொட்டால் தோல்வி.

படம் ஹேங் ஆனது. தொடாமல் தோற்றான்.

எதிரே படம் சுழன்றுகொண்டிருந்தது. பெரியவர் பாயசத்துக்கு வந்தார். சுழன்றது. விரல்களை ஒவ்வொன்றாக நக்கி முடித்தார். சுழன்றது. இலையை மூடினார். கைதட்டல் எழுந்தது.

யாருக்கும் அந்தப் படத்தை நிறுத்த மனம் வரவில்லை.

இரண்டாம் பந்தி எழுந்தது. மூன்றாம் பந்திக்குச் சோறு தீர்ந்தது. கார்டு தீரவில்லை.

அவன் எழுந்து போய் அவள் கேபினெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரின் பதம்.

மாலையை அவனே எடுத்துக் கொடுத்தான். மனதாரத்தான்.

வெளியே வந்தபோது அவள் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள்.

பின்னால் அந்தப் பெரியவர். மடியில் துண்டு சுற்றிய கம்ப்யூட்டர். கழுத்தில் மாலை.

"மெதுவாப் போ அம்மிணி. என்ன அவசரம்."

"சரிங் மாமா."

ஸ்கூட்டர் திரும்பியது. பெரியவர் அவனைப் பார்த்து, நிதானமாக ஓர் ஏப்பம் விட்டார்.

அவன் அங்கேயே நின்று தன் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான்.

எல்லோரும் வேகமாகச் சாப்பிடுகிறவர்கள்.