எல்லாம் வந்துடும் சார்

கட்டின மனைவி போனில் பேசுவதையெல்லாம் அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்து வைத்திருக்கும் ஒருவர், அந்தப் போனை அவள் எதிரிலேயே கடைப் பெண்ணிடம் நீட்ட நேர்ந்தால் எப்படி முழிப்பார்? குரோம்பேட்டை செல்போன் கடையில் கிட்டு அப்படித்தான் முழித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பழைய ஆண்ட்ராய்டும், கல்யாண நாளுக்கென்று வேதா திடீரென வாங்கித் தந்த ஐபோனும் மேஜைமேல் ஒட்டிக் கிடந்தன. பழையதிலிருந்து புதியதற்குச் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அஸ்தினாபுரம் வீட்டில் ஸ்கூட்டரைக் கிளப்பும் வரை கெஞ்சிப் பார்த்துவிட்டார். "இது நன்னாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" பலிக்கவில்லை. வழியில் வேதா பின்சீட்டிலிருந்து ஏதோ சொன்னாள். "சரி" என்றார். சரி என்று சொல்லிவிட்டால் எந்தப் பேச்சும் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது அவருடைய சமீபத்திய கண்டுபிடிப்பு.

கடைப் பெண் ஜாஸ்மின், ஜலதோஷத்துக்காகப் போட்டிருந்த மாஸ்க்குக்குள் எதையோ சொன்னாள்.

"பரவாயில்லைம்மா, மாஸ்க்கை இறக்கிட்டுச் சொல்லு" என்றார் கிட்டு.

"போட்டோ, நம்பர், வாட்ஸ்அப், எல்லாம் வந்துடும் சார். ஒண்ணுகூட மிஸ் ஆகாது."

அதுதானே பயம்.

"கொஞ்சம் நிறுத்த முடியுமா? அவசரமா ஒரு கால் பண்ணணும்."

"நடுவுல எடுத்தா மறுபடி முதல்லேர்ந்து ஏத்தணும் சார். தொடாதீங்க."

நழுவிவிடலாம் என்றால், வாசலை அடைத்த மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் வேதா.

"ஏசி ஓடறது. உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டறது?"

"புதுப் போன் சந்தோஷம்" என்றார் கிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

பிறகு மேஜைமேல் குனிந்து, "இதுல பேசறதெல்லாம் தானா ரெக்கார்ட் ஆகுமா?" என்று ஜாஸ்மினிடம் ரகசியமாகக் கேட்டார். கவர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தானா ஆகாது சார். நாம பண்ணினாலும், 'ரெக்கார்ட் ஆகுது'ன்னு எதிர்ல பேசறவங்களுக்கும் சொல்லிடும்."

பழையது கையை விட்டுப் போகிறது, புதியதோ காட்டிக் கொடுக்கிற ரகம். இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய மானம் இந்தக் கண்ணாடி மேஜைமேல் கப்பலேறப் போகிறது.

அந்த நேரம் பார்த்து ஜாஸ்மின் நிமிர்ந்தாள்.

"சார், 'வேதா', 'வேதா'ன்னு ஒரே கால் ரெக்கார்டிங்கா இருக்கே. அதைத் தனியாத்தான் காப்பி பண்ணணும். வேணுமா?"

ஜாஸ்மின் வேதாவைப் பார்த்தாள், கிட்டுவைப் பார்த்தாள். சந்தேகப் புருஷன் என்று அவள் முடிவு கட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

"வேதா, அது வந்து..."

"வேண்டாம்மா, அழிச்சுடு" என்றாள் வேதா. எழுந்து அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"தெனம் மொட்டை மாடியில நின்னுண்டு, நான் போன்ல உங்களுக்குச் சொன்னதைத் திருப்பித் திருப்பி அலற விட்டுக் கேக்கறேள். நம்மாத்துல இன்னிக்கு என்ன காய்னு கீழாத்து வினிதாவுக்கு எல்லாம் மனப்பாடம்."

கிட்டு தலையைக் குனிந்துகொண்டார். அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இப்ப வரச்சே, ஸ்கூட்டர்ல, 'எனக்கு டைவர்ஸ் வேணும்'னேன். 'சரி'ன்னேள்."

கைப்பையிலிருந்து ஒரு குட்டிப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே கொண்டைக்கடலை அளவில் இரண்டு இருந்தன.

"காது மெஷின். இந்த மாடல் ஐபோனோடதான் சேரும்னு சொன்னா. எங்கே, காதைக் காட்டுங்கோ."