நாவப்பழ உதட்டுக்காரி

"இது அந்தப் பொண்ணு இல்லண்ணே" என்றபடி, கையில் வாங்கிய கலர் பாட்டிலைக் குடிக்காமலேயே கீழே வைத்தாள் சோலையம்மாள்.

பெண்ணைப் பெற்ற அழகுமலை அவளை ஏறிட்டுப் பார்த்தார். டி. கல்லுப்பட்டியில் அவரைப் போல மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சலித்தவர் யாரும் இருக்க முடியாது. மகள் ஜெயக்கொடிக்குப் பிறந்ததிலிருந்தே கீழுதட்டில் நாவற்பழம் போல ஒரு நீல வீக்கம். அதைப் பார்த்ததும் வைத்த கேசரியைத் தொடாமல் எழுந்து போனவர்கள் உண்டு. தின்று கை கழுவிவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. மதுரையில் ஒரு டாக்டரிடம் வைத்தியம் பார்த்து, வீக்கம் வற்றி, இன்றைக்குத்தான் அவர் நெஞ்சை நிமிர்த்திப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வீக்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டு ஒரு சம்பந்தி பேரையூரிலிருந்து பஸ் ஏறி வருவாள் என்று அவர் கண்டாரா?

"எனக்கு இருக்குறது ஒரே மக, தங்கச்சி. அது இவதான்" என்றார்.

"போன வருசம் உசிலம்பட்டிச் சந்தையில என் கண்ணால பாத்தேண்ணே. ஒதட்டுல நாவப்பழம் கணக்கா இருந்துச்சு. அதை மறைக்கக்கூட இல்ல, கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு சர்பத் குடிச்சுச்சு. அந்தப் பொண்ணத்தான் கேட்டு ஆள் விட்டேன். நீங்க யார் வீட்டுப் பொண்ணையோ கொண்டாந்து நிறுத்துறீக."

பக்கத்தில் முறுக்கோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முத்துக்கருப்பன் மெல்ல வாயைத் திறந்தான். "ஆத்தா, பொண்ணு நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கிறதுதான்டா எனக்குச் சந்தேகம்."

மாப்பிள்ளை மறுபடி முறுக்குக்கே போய்விட்டான்.

"மாத்தியெல்லாம் காட்டல, தங்கச்சி. ஊசி போட்டதுல வத்திருச்சு" என்றார் அழகுமலை.

"ஊசி போட்ட எடம் வீங்கும். வத்துமா?"

தலைகுனிந்து நின்ற ஜெயக்கொடிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "வத்தும் அத்தை. மொதல்ல எனக்கும் இம்புட்டுப் பெருசா வீங்குச்சு. ஒரு வாரம் வெறும் கஞ்சிதான். அப்பறம் கல்லு மாதிரி ஆகி, கொஞ்சங் கொஞ்சமாச் சுருங்குச்சு. ஒரே ஊசியில போகல. விட்டு விட்டு நாலஞ்சு தடவை போட்டாரு."

"அதென்ன அப்படி ஒரு மருந்து?"

"கருவுல இருக்கும்போதே அந்த எடத்துல ரத்தக் கொழாய் சரியா அமையாம, பை மாதிரி தொளதொளன்னு ஆயிருச்சாம். ரத்தம் அதுல தேங்குனதுதான் அந்த நீலம். ஊசி மருந்து அந்தப் பையை உள்ளுக்குள்ளயே ஒட்ட வச்சிருதாம். கிரகணத்துல வெளிய போனதால வந்ததும் இல்ல, சாபமும் இல்ல, ஒட்டுவாரொட்டியும் இல்லன்னு டாக்டரு அடிச்சுச் சொல்லிட்டாரு."

சோலையம்மாள் அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "குனிஞ்சா என்ன ஆகும் அது?"

"வெடைச்சுக்கும்."

"அமுக்குனா?"

"உள்ள போயிரும். கைய எடுத்தா மறுபடி வந்துரும்."

"சில நாள் விடியக்காலம் முள்ளு குத்துனாப்பல வலிக்குமே. தொட்டா உள்ள கடுகு கணக்கா ஏதோ உருளுமே?"

"ஆமா அத்தை. அது எங்க ஆத்தாவுக்கே தெரியாதே" என்று வியந்தாள் ஜெயக்கொடி.

அழகுமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எவனோ ஒருவன் ஒன்று விடாமல் போட்டுக் கொடுத்திருக்கிறான். கோர்ட்டில் வக்கீல் கேட்பது போல் அல்லவா இந்த அம்மாள் கேட்கிறாள். இந்தச் சம்பந்தமும் கைநழுவினால் இனி மகளுக்கு எந்த ஊரில் போய் மாப்பிள்ளை தேடுவது?

"எங்க, நல்லாக் குனி தாயி" என்றாள் சோலையம்மாள்.

ஜெயக்கொடி சடை தரையைத் தொடும்வரை குனிந்தாள். முன்பெல்லாம் இப்படிக் குனிந்தால் உதடு கருநீலமாகப் புடைத்துவிடும். இப்போது நிமிர்ந்த பெண்ணின் முகத்தில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. சோலையம்மாள் எழுந்து போய் வலது கைக் கட்டைவிரலால் அந்த உதட்டை அமுக்கிப் பார்த்தாள். உள்ளே பழைய வீக்கத்தின் மிச்சமாக ஒரு சின்னக் கெட்டி தட்டுப்பட்டது.

"அந்தப் பொண்ணுதாண்ணே" என்றாள். "ஆனா நான் தேடி வந்தது அந்த வீக்கத்தோட இருந்த பொண்ணை."

அழகுமலை பொறுமையை விட்டுவிட்டார். "என்ன தங்கச்சி இது கூத்து? ஒலகத்துல எல்லாரும் கொறை இல்லாத பொண்ணுதான் வேணும்பாக. உங்களுக்கு மட்டும் எதுக்கு வீங்குன ஒதட்டுக்காரி?"

சோலையம்மாள் வந்ததிலிருந்து முந்தானைக்குள்ளேயே வைத்திருந்த இடது கையை வெளியே எடுத்து ஜெயக்கொடியிடம் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை திராட்சைக் கொத்தாய் நீலம் புடைத்திருந்தது.

"இதைப் பாத்து மொகஞ் சுளிக்காத மருமக வேணும்னுதான் ஒன்னையத் தேடி வந்தேன் தாயி. தேதியப் பெறகு குறிப்போம், மொதல்ல என்னைய அந்த டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போ. ஒங்க கல்யாணத்துல நான் ரெண்டு கையாலயும் பந்தி பரிமாறணும்."