உப்புப் பார்க்க ஒரு துண்டு

குக்கரைத் திறந்தவள் மூடியும் கையுமாக நின்றுவிட்டாள்.

உள்ளே போடும்போது கிழங்கு நல்ல ஊதா. இப்போது பச்சை. கீரைப் பச்சையாக இருந்தால்கூடப் பரவாயில்லை, இது செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறியது போல ஒரு பச்சை. வேகவைத்த தண்ணீர் நீலம் பாரித்துக் கிடந்தது.

ஊதா நிற சர்க்கரைவள்ளிக்கிழங்கை அவள் இதற்கு முன் தொட்டதுகூட இல்லை. மதியம் அக்கா குடும்பத்தோடு சாப்பிட வருகிறாள். அக்கா இப்போது டயட்டில் இருக்கிறாள். அக்கா டயட்டில் இருந்தால் அவள் உட்காருகிற மேஜையும் டயட்டில் இருந்தாக வேண்டும். அதனால்தான் வழக்கமான உருளைக்கிழங்கு வறுவலைக் கைவிட்டு, உடம்புக்கு நல்லது என்று போனில் பார்த்த இந்தக் கிழங்கில் இறங்கினாள். துண்டு போட்டு, அவித்து, உப்பும் மிளகும் தூவினால் தொட்டுக்கொள்ள ஆயிற்று.

சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டிருந்தாள். அவளுடைய சிட்டிகை எப்போதுமே கொஞ்சம் தாராளம். ஆனால் சோடாவின் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கெட்டுப்போன கிழங்கு, இல்லாவிட்டால் எந்த மருந்தையோ அடித்து விற்றிருக்கிறான் கடைக்காரன், அவ்வளவுதான் தோன்றியது.

மகள் எட்டி ஒரு துண்டைத் தொடப் போனாள். கையில் பட்டென்று ஒன்று விழுந்தது. குழந்தை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.

கொட்டிவிடலாம். கொட்டினால் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. "வெறும் சோத்தைப் போட்டு அனுப்புனா" என்று அக்கா வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள்.

தானே தின்று பார்க்கலாம். ஒரு துண்டை உதடு வரைக்கும் கொண்டுபோனாள். இரண்டு தடவை. கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. உயிர் யாருக்குத்தான் வெல்லக்கட்டி இல்லை?

பால்கனியைப் பார்த்த ஜன்னலில் பக்கத்து வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்தது. எதை வைத்தாலும் வஞ்சனை இல்லாமல் தின்கிற பூனை. துண்டை அதன் மூக்கருகே நீட்டினாள். அது நம்பிக்கையாக வாயைத் திறந்தது. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு வேணாம், போ. பாவம், வாயில்லாத ஜீவன்."

பூனை பால்கனிக்குள் குதித்துப் போனது.

அடுத்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள் என்று நாமும் நம்புவோம்.

சின்னத் தட்டில் இரண்டு துண்டு வைத்தாள். உப்பு, மிளகு தூவினாள். ஸ்பூனைக் கழுவித் துடைத்துப் பக்கத்தில் வைத்தாள். தட்டோடு பால்கனிக்குப் போனாள். மாமியார் அங்கே காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, உப்பு சரியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமியாரை உப்புப் பார்க்கச் சொன்னதே இல்லை. நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன் என்று மரியாதையாகவே அவரை அடுப்படிக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தாள்.

மாமியார் மடியிலிருந்த சட்டையை இறக்கிவைத்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். ஏன் இந்த நிறம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு துண்டை நிதானமாக மென்று விழுங்கினார். இன்னொன்றையும் சாப்பிட்டார்.

"சரியா இருக்கும்மா."

காலித் தட்டோடு திரும்பி வந்தவளுக்கு அடுப்படியில் இருப்புக்கொள்ளவில்லை. காது மட்டும் பால்கனியில் இருந்தது. மாமியார் ஒருமுறை இருமினார். இவள் தம்ளரில் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினாள். துணித் தூசிதான், வேறொன்றும் இல்லை.

அதற்கப்புறம்தான் போனில் தேடிப் பார்க்கப் புத்தி வந்தது. சோடா பட்டால் ஊதாக் கிழங்கு பச்சையாகும். கெடுதல் ஒன்றும் கிடையாது. எலுமிச்சை பிழிந்தால் நிறம் திரும்பிவிடும். அரை மூடி பிழிந்தாள். பச்சை மெல்லக் கலைந்து, கண் முன்னாலேயே ஊதாவும் சிவப்புமாகத் திரும்பி வந்தது.

போன உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. பெற்ற தாயிடம் அந்தத் தட்டை நீட்டியிருப்பாளா? கேட்டதும் அவளே, தலைகுனிந்ததும் அவளே. யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

சாப்பாட்டு மேஜையில் அக்கா கிழங்கைப் பார்த்து வாயைப் பிளந்தாள். போட்டோ எடுத்தாள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

"உப்பு பாத்தது நான்தான்," என்று மாமியார் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அவளால் நிமிர முடியவில்லை. மகளுக்குப் பரிமாறத் திரும்பினாள். காலையில் வாங்கிய அடி நினைவிருக்கும் போலிருக்கிறது, குழந்தை தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டது. கரண்டியும் ஒரு கணம் தயங்கியது.

மாமியார் அவள் பக்கம் சாய்ந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத தாழ்ந்த குரல். அதில் கோபம் துளியும் இல்லை.

"நான் சாப்பிட்டு ரொம்ப நேரமாச்சும்மா. எனக்கு ஒண்ணும் ஆகல. குழந்தைக்குத் தைரியமாப் போடு."

கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது.

"ஜன்னல்ல அந்தப் பூனை வந்து உக்காந்திருக்கு, பாரு. அதுக்கும் ஒரு துண்டு வை. பாவம், வாயில்லாத ஜீவன்."