ஒரிஜினல் பிஸ்டன்

அன்று காலை டெரன்ஸ் நிம்மதியாகச் செய்த கடைசிக் காரியம், ஒரு டூப்ளிகேட் பிஸ்டனை ஒரிஜினல் அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஒட்டியது.

பெட்டியை அலமாரியில் அடுக்கிவிட்டுத் திரும்பினால், மந்தைவெளிக் கடை வாசலில் தாயம்மா. மரம் வெட்டும் பஞ்சாட்சரத்தின் மனைவி. புருஷனின் மரம் அறுக்கும் மிஷினை இடுப்பில் பிள்ளையைப் போல ஏந்தியிருந்தாள். போன மாதம்தான் டெரன்ஸ் அதன் இஞ்சினைப் பிரித்து மாட்டிக் கொடுத்திருந்தார்.

“இன்னாம்மா, பஞ்சு வரல?”

“அவரு பூட்டாருண்ணா. இன்னியோட பதினேழு நாளு.”

டெரன்ஸின் கையிலிருந்த பசை டப்பா தரையில் உருண்டது.

“எப்டிம்மா?”

“அடையாருல ஒரு தூங்குமூஞ்சி மரம். மேல இருந்தப்பவே கையெல்லாம் ஒதறுதுன்னாராம். எறங்கி வந்தாரு. அப்பால எந்திரிக்கவே இல்ல.”

கை உதறியதா! டெரன்ஸின் கண் மிஷினுக்குப் போனது.

பிஸ்டனைத் தாங்கும் பின்னைச் சுற்றி ஊசி ஊசியாக ஒரு சின்ன பேரிங் உண்டு. அது தேய்ந்தால் மிஷின் கையில் நிற்காது, உதறும். போன மாதம் கம்பெனி பிஸ்டனுக்கும் புது பேரிங்குக்கும் பில் போட்டிருந்தார். மாட்டியது டூப்ளிகேட் பிஸ்டன். பேரிங்கை மாற்றவே இல்லை. பழையதையே பெட்ரோலில் கழுவிப் போட்டார். கழற்றிய பாகத்தைக் காகிதத்தில் மடித்து, வந்தவர் கையில் கொடுப்பது தொழிலின் நாணயம். அந்த நாணயத்தைக் காப்பாற்றவே டெரன்ஸ் ஒரு டப்பா நிறையத் தேய்ந்த பேரிங்குகள் வைத்திருந்தார்.

“போலீசுக்குப் போனியா?” குரல் கீச்சிட்டது.

“போலீசுக்கா? இன்னாத்துக்கு? இன்னும் போகலியே.”

அந்த ‘இன்னும்’ டெரன்ஸின் நெஞ்சில் தைத்தது.

“ண்ணா, இந்த மிஷின்ல ஒரு சின்ன வேலை...”

“நீ ஒண்ணும் சொல்லாத தாயி. எனக்குத் தெரியும். குந்து.”

போலீஸ் பிரித்துப் பார்க்கும்போது உள்ளே எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்து, ஆபத்துக்கு வைத்திருந்த நிஜமான கம்பெனிப் பெட்டியை எடுத்தார். சிலிண்டரைக் கழற்றினார். டூப்ளிகேட் பிஸ்டன் வந்த வேகத்தில் அவர் சட்டைப்பைக்குள் போனது. பழைய பேரிங்கும் பின்னாலேயே போனது. புது பேரிங்குக்கு எண்ணெய் தடவினார். டீக்கடை வெந்நீரில் பிஸ்டனைச் சூடாக்கி, அதன் மேலுள்ள அம்புக்குறி புகை வெளியேறும் வாயைப் பார்க்கும்படி வைத்து, பின்னைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினார். முப்பது வருடத் தொழிலில் இவ்வளவு சுத்தமாக அவர் ஒரு வேலையும் செய்ததில்லை.

தாயம்மா பீரோவைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். அவர் சட்டைப்பையைப் பார்த்தாள்.

“பீரோல கீறதுதான் ஒரிஜினலாண்ணா?”

“ஆமாம்மா.”

“அப்ப அலமாரில கீறது?”

டெரன்ஸ் ஒரு நட்டைத் தேடிக் குனிந்தார். நட்டு எதுவும் விழுந்திருக்கவில்லை.

வேலை முடிந்ததும் அவள் கையை நீட்டினாள்.

“கழட்டினதைக் குடு. எப்பவும் மடிச்சிக் குடுப்பியே.”

“அத்த வச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற?”

“அவரு தொட்ட மிஷினு. ஞாபகத்துக்குத்தான்.”

டெரன்ஸ் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு பீரோவுக்கு ஓடினார். இருந்த இன்னொரு ஒரிஜினல் பெட்டியையும் எடுத்துவந்து அவள் கையில் திணித்தார். “ஞாபகத்துக்கு இத்த வச்சிக்க. காசு வேணாம். யாரு வந்து கேட்டாலும், உள்ள இருக்கிறது ஒரிஜினல்னு மட்டும் சொல்லிடு.”

“பொய்யா சொல்லப்போறேன்? இப்ப ஒரிஜினல்தானே” என்றாள்.

தெருமுனையில் அவள் தம்பி பாலு பைக்கில் காத்திருந்தான். நாளை முதல் அந்த மிஷினை வைத்துத்தான் அக்கா வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் சோறு.

“இன்னாக்கா இவ்ளோ நேரம்? மாமா டெங்குல செத்த கதையெல்லாம் கேட்டுக்கினு இருந்தாரா?”

“எங்கடா? சொல்ல வாயத் தொறந்தா, ‘எனக்குத் தெரியும், குந்து’ன்னுட்டாரு. நல்லா ஓடிக்கினு இருந்த இஞ்சினைப் பிரிச்சி, ஓசில புது பிஸ்டன் போட்டுக் குடுத்துகீறாரு.”

பாலு மிஷினை வாங்கிக் கட்டைவிரலால் சங்கிலியைத் தடவினான். தீட்டித் தரச் சொல்லி அக்காவிடம் கொடுத்தனுப்பிய பற்கள், காலையில் இருந்தது போலவே மழுங்கிக் கிடந்தன.