இன்னும் ஒரு ஓட்டை

நர்ஸாக இருந்த காலம் முழுக்க சலோமி அந்தப் பழைய கடிகாரத்தைச் சீருடைப் பையில்தான் வைத்திருந்தாள். ஒரு கையில் அது, மறு கையில் யாரோ ஒரு நோயாளியின் மணிக்கட்டு. ஓய்வுபெற்ற பிறகு சீருடையும் இல்லை, பிடித்துப் பார்க்க மணிக்கட்டும் இல்லை. பீர்முகமதுவின் கடிகாரக் கடையில் கொடுத்து, அதன் இயந்திரத்தைப் புதுக் கூட்டில் பொருத்திக் கைக்கடிகாரமாக்கிக்கொண்டாள்.

அவரே கட்டிவிட்டார். அளவு சரிதானா என்று அவள் கையைப் புரட்டி, மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இவ்வளவு நாள் பையில கெடந்தது சிஸ்டர். கைக்குப் பழக நாளாகும்."

அவளுக்கு இதுவரை யாரும் நாடி பார்த்ததில்லை. சின்ன விநாடி முள்ளையே பார்த்தபடி நின்றாள்.

மறுவாரம் வந்தாள். "லூசா இருக்கு பாய். இன்னொரு ஓட்டை போட்டுக் குடுங்க." அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொடுத்தார். அடுத்து வந்தபோது இறுக்குகிறது என்றாள். பிறகு மறுபடி லூஸ். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஓட்டை விழுந்து, ஸ்ட்ராப் சல்லடையாகிவிட்டது.

இன்று அவர் அதைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதுல இனிமே எடமில்லியே சிஸ்டர்."

சலோமிக்கு முகம் சிவந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "பரவால்ல பாய். இப்படியே இருக்கட்டும். நான் வரேன்."

"செத்த இருங்க."

மேஜை டிராயரைத் திறந்து புது ஸ்ட்ராப் ஒன்றை எடுத்து அவள் முன்னால் நீட்டிவைத்தார். நல்ல தடித்த தோல். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அதில் ஓர் ஓட்டைகூட இல்லை.