கெட்டுப்போகும் சரக்கு

தூத்துக்குடி ஏற்றுமதிச் சாலையில் இப்போதெல்லாம் எந்தச் சரக்கும் காத்திருப்பதில்லை. நாடு முன்னேறுகிறதாம். காத்திருப்பது மனிதர்கள்தான். நெஞ்சுவலியில் துடித்த அம்மாவோடு எங்கள் ஆம்புலன்ஸும் அந்தச் சாலையின் தானியங்கி கேட்டில் நின்றது.

"சரக்கு வண்டிகளுக்கே முன்னுரிமை," என்றது கேட்டின் குரல். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் இங்கிலீஷிலும் திட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

அம்மா இறால் கம்பெனியில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். வேலையிலிருந்தே தூக்கி வந்ததால் சேலையில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, இத முன்கண்ணாடியில ஒட்டு," என்று முனகினாள். ஒட்டினேன்.

"இறால். கெட்டுப்போகும் பொருள். உடனே செல்லவும். நன்றி," என்று ஸ்டிக்கரைப் படித்த கேட் திறந்தது.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் அதே ஆம்புலன்ஸ் வந்து நின்றது; ஆத்திரத்தில் அந்த ஸ்டிக்கரைக் கிழிக்கப் போனேன்.

"கிழிச்சிராதட்டி," என்றாள் அம்மா. "நாம வீடு போய்ச் சேரணும்லா?"